குடல் ஆராய்ச்சிக்குப் போனேன், ஐந்து மணி நேரச் சிறுநீரைச் சிங்க்கில் கொட்டிவிட்டார்கள்

குடல்சுவர் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிற சோதனை, என்னவோ சின்னதுதான். வெறும் வயிற்றில் ஒரு கப் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடுத்த ஐந்து மணி நேரம் போகிற சிறுநீரையெல்லாம் ஒரு கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஊசி இல்லை, குழாய் விடுகிற வேலை இல்லை. இதையே எத்தனை விதமாகச் சொதப்ப முடியும் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களையோ உங்கள் வீட்டில் யாரையோ இதுமாதிரி ஆய்வுக்குக் கூப்பிட்டால், கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் தங்கைக்கு குரோன்ஸ் நோய், குடலில் புண்ணும் வீக்கமும் வந்து வருடக்கணக்கில் தொடர்கிற நோய். முதலில் குடல் டிபி என்று சொல்லி மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். அதற்குக் கேட்காமல் போன பிறகுதான் இது என்று தெரிந்தது. நம் நாட்டில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டர்களுக்கே பெரும்பாடு. அவளைப் பார்க்கிற சென்னை மருத்துவமனையில், நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவுகளைக் கூப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. அம்மாவும் நானும் பெயர் கொடுத்தோம்.

நோயே இல்லாத எங்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. கனடாவிலிருந்து நடத்தப்படும் ஜெம் என்கிற பெரிய ஆய்வில், குரோன்ஸ் நோயாளிகளின் ஆரோக்கியமான உறவினர்கள் 1420 பேருக்கு இதே சோதனையைச் செய்துவிட்டுப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2020இல் முடிவை வெளியிட்டார்கள். கப்பில் குடித்த இரண்டு சர்க்கரைகளும் சிறுநீரில் வந்த விகிதம் 0.03ஐத் தாண்டியவர்களுக்குப் பின்னால் குரோன்ஸ் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. பயந்துவிட வேண்டாம், அந்த 1420 பேரில் நோய் வந்தது 50 பேருக்குத்தான். குடல்சுவர் கசிவது நோய் வந்ததால் நடக்கிறதா, நோய்க்கு முன்பே இருக்கிறதா என்பது பழைய சண்டை. அதில் 'முன்பே' என்கிற பக்கத்துக்கு இது நல்ல ஆதாரம். அதனால்தான் எங்களைப் போன்றவர்களைத் தேடுகிறார்கள்.

முதல் இடி ஒப்புதல் படிவத்தில். இங்கிலீஷ் படிவத்தை நீட்டினார்கள். தமிழ்ப் படிவம் கேட்டதற்கு, இருப்பது பழைய பதிப்பு, புதியதற்கு, ஆய்வுகளைப் பார்த்து அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழுவின் முத்திரை இன்னும் வரவில்லை என்றார்கள். "சார், நீங்களே அம்மாவுக்குப் படிச்சுச் சொல்லிடுங்க, அவங்க கையெழுத்து மட்டும் போடட்டும்" என்றார் அங்கிருந்த பையன். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், தினமும் பேப்பர் படிக்கிறவர். அவருக்கு எதற்கு நான் படித்துச் சொல்ல வேண்டும்? பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் தகவல் தாள் கொடுக்க வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுச் செயலாளரின் தொலைபேசி எண்ணும் இருந்தது. அங்கேயே வராந்தாவில் நின்று போன் போட்டேன். எடுத்தவர் கோபப்படவில்லை, "கையெழுத்துப் போடாதீங்க, தமிழ் வந்ததும் கூப்பிடச் சொல்றேன்" என்றார். அடுத்த வாரமே முத்திரையோடு தமிழ்ப் படிவம் வந்தது. அந்த எண்ணை யாரும் கூப்பிடுவதில்லை போலிருக்கிறது. கூப்பிடுங்கள், வேலை செய்கிறது.

இன்னொன்றும் அன்றே செய்தேன். தாளில் இருந்த பதிவு எண்ணை சிடிஆர்ஐ இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்காக 2007இலிருந்து இருக்கும் அரசுப் பதிவேடு அது. புது மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். இதுபோல மருந்தில்லாத ஆய்வுகளையும் பதிகிறார்கள். யார் நடத்துகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள் என்று எல்லாம் இருக்கும். பத்து நிமிட வேலை.

சோதனை நாள். செங்கல்பட்டிலிருந்து விடிகாலை மின்ரயிலில், ஒரு வாய் காப்பிகூட இல்லாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். வயதானவர் என்று அம்மாவுக்கு முதலில் கொடுத்தார்கள். ஒரு மடக்குக் குடித்தவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, "டேய், இது நான் ராத்திரி குடிக்கிற சிரப்தானேடா?" என்றார்.

அதேதான். கப்பில் இருப்பது லாக்டுலோஸ், மானிட்டால் என்று இரண்டு சர்க்கரை. லாக்டுலோஸ் மலச்சிக்கலுக்கு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிற சிரப். மானிட்டால், தலையில் அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கம் குறைய டிரிப்பில் ஏற்றுவார்களே, அது. சோதனைக்கு எடுப்பது 5 கிராம் லாக்டுலோஸ்தான், சிரப் கணக்கில் 7.5 மில்லி. மலச்சிக்கலுக்குக் கொடுப்பதில் பாதியோ அதற்கும் குறைவோதான். ஆனால் முந்தின ராத்திரியே அதைவிட அதிகமாகக் குடித்துவிட்டு வந்தவரிடம் என்னத்தை அளக்க முடியும்? கோஆர்டினேட்டர் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார். போனில் என்னென்ன மருந்து என்று கேட்டபோது நாங்கள் சொன்னது பிரஷர் மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை. அந்தப் பட்டியலில் சிரப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, என்னையாவது முடியுங்கள் என்றேன். அப்போதுதான் கேட்கிறார், "சமீபத்துல வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா சார்?" பல்வலிக்கு அந்த வாரம் புரூஃபன் போட்டிருந்தேன். ஆன்டிபயாடிக் போடக் கூடாது என்றுதான் தாளில் இருந்தது, வலி மாத்திரை பற்றி ஒரு வரி இல்லை. இவர்கள் ஆய்வில் இரண்டு வாரம் இடைவெளி வேண்டுமாம். வலி மாத்திரைகள் குடல்சுவரின் கசிவைக் கூட்டும் என்பது 1980களிலேயே இங்வார் பியர்னாசன் போன்ற குடல் ஆய்வாளர்கள் மூட்டுவாத நோயாளிகளிடம் அளந்து சொன்ன விஷயம். இந்தத் துறையில் அரிச்சுவடி மாதிரி. அதைத் தாளில் போடாமல், ஆளைப் பட்டினியோடு வரவழைத்த பிறகு கேட்கிறார்கள். இருவருமே திரும்பினோம். எழும்பூரில் அம்மா இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னது: "இதுக்கு நீ பேசாம போன்லயே குடிச்சுக் காட்டியிருக்கலாம்."

அடுத்த முறை எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. வந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, அதில் ஒரு குப்பி கொடுத்துவிட்டு, கப்பைக் குடித்தோம். அப்புறம் ஐந்து மணி நேரக் காத்திருப்பு. எனக்கென்று சிவப்பு மார்க்கரில் குறியீடு எழுதிய வெள்ளை பிளாஸ்டிக் கேன், அடியில் சில துளி குளோர்ஹெக்ஸிடின். பாக்டீரியா சர்க்கரையைத் தின்றுவிடாமல் இருக்க அதை விடுகிறார்கள். கேனை வாங்கியதும் பழக்கதோஷத்தில் தண்ணீர் விட்டு அலசிவிடாதீர்கள், பக்கத்தில் இருந்த ஒருவர் அலசினார். ஒரு தடவைகூட வெளியே விடக் கூடாது என்பதும் முக்கியம். இரண்டு சர்க்கரையும் ஒரே வேகத்தில் வெளியே வருவதில்லை, ஒன்றைத் தவறவிட்டால் விகிதம் கோணலாகிவிடும். கழிப்பறைச் சாவி சிஸ்டரிடம் இருக்கும், சிஸ்டர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அவசரம் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

விகிதம் எதற்கு என்று கோஆர்டினேட்டர் அழகாகச் சொன்னார். குடல்சுவர் ஒரு சல்லடை. மானிட்டால் சின்ன மூலக்கூறு, சல்லடை நன்றாக இருக்கும்போதும் ஓரளவு இறங்கும். லாக்டுலோஸ் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு பெரிது, ஓட்டை பெரிதானால்தான் கூடுதலாக இறங்கும். இரண்டையும் உடம்பு உடைத்துப் பயன்படுத்தாது, ரத்தத்தில் சேர்ந்தது அப்படியே சிறுநீரில் வந்துவிடும். வயிறு மெதுவாகக் காலியானாலும் சிறுநீரகம் சோம்பலாக இருந்தாலும் இரண்டையும் ஒன்றுபோலப் பாதிப்பதால், ஒன்றை மற்றதால் வகுத்தால் அந்தக் குழப்பமெல்லாம் கழன்றுவிடும். நல்ல யோசனைதான்.

நேரம் முடிந்தபோது அவர் ஏதோ மீட்டிங்கில். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி. நான் கேனைச் செய்தித்தாளில் சுற்றி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு நின்றேன். வார்டு உதவியாளர் பார்த்துவிட்டு, "யூரினா? கீழ லேப் கவுன்ட்டர்ல குடுத்துருங்க சார், இங்க வச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றார். ஆய்வுக்கு உள்ளது என்றேன். "எல்லா யூரினும் அங்கதான்" என்று என் கையைப் பிடித்து லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

கவுன்ட்டரில் இருந்தவர் கேனைத் தூக்கிப் பார்த்தார். "எதுக்குங்க இவ்வளவு?" நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைச் சிங்க்கில் கவிழ்த்துவிட்டார். தண்ணீரையும் திறந்துவிட்டார். ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். ஐந்து மணி நேரம் பட்டினியும் பொறுமையுமாகச் சேர்த்தது. "ஆய்வுக்கு உள்ளது சார் அது" என்று நான் சொன்னபோது அவர் குழாயில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். மீட்டிங்கிலிருந்து கோஆர்டினேட்டர் ஓடி வருவதற்குள் அந்தக் குழாயும் ஸ்ட்ரிப் சோதனைக்குப் போய்விட்டது. என் கையில் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார்கள். அல்புமின்: இல்லை. சுகர்: இல்லை. இரண்டு சர்க்கரையைக் குடித்துவிட்டு வந்தவனுக்குச் சுகர் இல்லை! ஸ்ட்ரிப்புக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் தெரியும் என்பது புரிகிறது, ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மாவின் கேன் மட்டும் தப்பியது, அதைக் கோஆர்டினேட்டர் கையிலேயே கொடுத்து, மில்லிக்கணக்கை அவர் எழுதுகிற வரை நகராமல் நின்றேன். விகிதத்துக்குக் கொஞ்சம் சிறுநீர் போதும், ஆனால் ஒவ்வொரு சர்க்கரையும் எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்று தனியாகப் பார்க்க மொத்த அளவு வேண்டும். நான் பிறகு இன்னொரு நாள் போய் முடித்தேன், அது பிரச்சினையில்லாமல் போனது.

பயணச் செலவு தனிக் கதை. கணக்குப் பிரிவில் டிக்கெட் கேட்டார்கள். நான் வேலைக்கு மின்ரயிலில் போகிறவன், என்னிடம் இருப்பது சீசன் டிக்கெட். "ஒரு நாளுக்கு எவ்வளவுன்னு இதுல இல்லையே, பாஸ் பண்ண முடியாது" என்றார் கிளார்க். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல் பையில் இருந்தது. அதில் ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று ஒரே தொகைதான் எழுதியிருக்கிறது, டிக்கெட் என்ற சொல்லே இல்லை. விரலை வைத்துக் காட்டினேன். மனுஷன் மூன்று முறை படித்தார், அப்புறம் பாஸ்புக் நகலை வாங்கிக்கொண்டார். வீணாய்ப்போன வருகைகளுக்கும் சேர்த்தே பணம் வந்தது. அந்த நகலை வாங்காமல் மட்டும் வராதீர்கள், அது உங்கள் உரிமை.

என் விகிதம் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைதான். சொல்ல மாட்டார்கள், அது ஆராய்ச்சி அளவீடு, நோய் கண்டுபிடிக்கிற சோதனை இல்லை என்று படிவத்திலேயே இருக்கிறது. இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இந்த ஆசையைக் காசாக்கக் கடை விரித்திருக்கிறார்கள். 'லீக்கி கட் பேனல்', அதாவது கசியும் குடலுக்கான சோதனை என்று, குடல்சுவரின் இடைவெளியைத் தளர்த்துகிற ஸோனுலின் என்கிற புரதத்தை ரத்தத்தில் பார்த்துச் சொல்கிறோம் என விளம்பரம் வரும். ஸோனுலினை 2000இல் பிரபலமாக்கியது அலெசியோ ஃபசானோவின் குழு. ஆனால் கடையில் விற்கிற கிட்டுகள் பிடிப்பது அந்தப் புரதத்தையே இல்லை, வேறு எதையோ என்று 2018இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே யோசனையில், குடல் கசிவைக் குறைக்க என்று வந்த லாராஸோடைட் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை, கோதுமையின் குளூட்டன் குடலுக்கு ஆகாத சீலியாக் நோயாளிகளிடம் நடந்தது, 2022இல் நிறுத்தப்பட்டது. தங்கையின் டாக்டரிடம் கேட்டேன், "அந்தக் காசுக்கு அம்மாவுக்குப் பழம் வாங்கிக் குடுங்க" என்றார்.

போன வாரம் சித்தி பையனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கு வந்த தமிழ்த் தாளை வாங்கிப் பார்த்தேன். வலி மாத்திரை சேர்ந்திருக்கிறது, மலச்சிக்கல் சிரப் சேர்ந்திருக்கிறது, 'சிறுநீர்க் கேனை லேப் கவுன்ட்டரில் கொடுக்கக் கூடாது' என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் இருக்கிறது. சர்க்கரையில்லாச் சூயிங்கம், காளான் இதையெல்லாம் முந்தின நாள் தொடக் கூடாது என்பது இன்னும் இல்லை. இரண்டிலும் மானிட்டால் இருக்கலாம். அதைப் பேனாவால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.