அறுபது யூரோவும் நோயல் பிரவுனும்

போன வாரம் மகளுக்குக் காதுவலி. வயது ஆறு. அயர்லாந்தின் டப்ளினில் எங்கள் ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், கூட்டிப்போனேன். பார்த்தார், மருந்து எழுதினார், காசு இல்லை. எட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு இங்கே ஜி.பி. கார்டு உண்டு. இரண்டு நாள் கழித்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதே டாக்டர், அதே நாற்காலி, 60 யூரோ.

பிள்ளைகளுக்கு இலவச வைத்தியம் கொண்டுவர அந்தக் காலத்திலேயே முயன்ற அமைச்சர் நோயல் பிரவுன். அந்தப் பெயரை எனக்கு முதலில் சொன்னது என்னோடு வார்டில் வேலை பார்த்த ஒரு சீனியர் நர்ஸ். இரவு ஷிஃப்டில் டீ குடிக்கும்போது சொன்ன கதை. பிறகு நானே தேடித்தேடிப் படித்தேன்.

1915-ல் வாட்டர்ஃபோர்டில் பிறந்தவர். காசநோய் முதலில் அப்பாவைக் கொண்டுபோனது, அப்புறம் அம்மாவை, உடன்பிறந்தவர்களில் சிலரையும். டப்ளினில் வசதியான ஒரு குடும்பம் பணம் கட்டி டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்க வைத்தது. படிக்கிற காலத்திலேயே அவருக்கும் அதே நோய். பிழைத்து, காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனையான சானடோரியத்தில் டாக்டராக இருந்து, அங்கே பார்த்ததைப் பொறுக்காமல் அரசியலுக்கு வந்தார். 1948-ல் நாடாளுமன்றத்துக்குள் கால் வைத்த முதல் நாளே சுகாதார அமைச்சர். வயது 32!

மருத்துவமனைகளுக்கென்று குதிரைப் பந்தய லாட்டரியில் சேர்ந்திருந்த நிதியை எடுத்து சானடோரியங்களில் படுக்கை படுக்கையாகப் போட்டார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்த நேரமும் அதுதான்; திட்டங்களில் பாதி அவருக்கு முன்பே காகிதத்தில் இருந்தவை. இருக்கட்டும். காகிதத்தில் யாரும் படுக்க முடியாதே.

அடுத்து வந்தது தாய்சேய் நலத் திட்டம். தாய்மார்களுக்கும் 16 வயது வரை பிள்ளைகளுக்கும் இலவச வைத்தியம், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள்: குடும்பத்தின் உரிமையில் அரசு கைவைக்கிறது, பெண்களுக்கு உடல்நலம் சொல்லித்தருகிறேன் என்று கருத்தடை வரை போய்விடும் என்று. இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் டப்ளின் பேராயர் மெக்வெய்டைத்தான் வில்லனாக்குவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. டாக்டர்கள் சங்கமும் சேர்ந்துதான் எதிர்த்தது. கையில் வாங்குகிற ஃபீஸ் போய்விடுமே! ஒரு டாக்டரின் திட்டத்தை மற்ற டாக்டர்களே கவிழ்த்த கதை இது. ஆயர்களின் அங்கி அகலம், பின்னால் நின்றவர்கள் தெரியவில்லை.

1951 ஏப்ரலில் சொந்தக் கட்சித் தலைவர் ஷான் மெக்பிரைடே ராஜினாமா கேட்டார். கொடுத்தார். கொடுத்த கையோடு ஆயர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் 'ஐரிஷ் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். நாடே படித்தது.

அனுசரித்துப் போகத் தெரியாத மனுஷன், அதையும் சொல்லவேண்டும். வாழ்நாளில் ஐந்து கட்சி. 1953-ல் வேறு ஆட்சி, வருமான வரம்பு வைத்து, ஆயர்களோடு பேசி, திட்டத்தில் ஒரு பகுதியைச் சட்டமாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜி.பி. இலவசம் என்று ஆனது 2015-ல்தான். அப்போது சுகாதார அமைச்சர் லியோ வராட்கர், அவரும் டாக்டர். எட்டு வயது வரை நீண்டது 2023-ல்.

அந்த சீனியர் நர்ஸிடம் ஒருநாள் கேட்டேன்: "இவ்வளவு சண்டைக்காரரா இருந்திருக்காரே, உங்க வீட்ல அவரைப் பிடிக்குமா?"

கப்பைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்கம்மாவுக்குப் பத்தொன்பது வயசுல சானடோரியத்துல படுக்கை கிடைச்சுது."