பழைய காரில் ஹீட்டர் சூடாகவில்லையா?

டொராண்டோவில் நவம்பர் வந்ததுமே என் பழைய காரின் ஹீட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஹைவேயில் கொஞ்சம் சூடு, சிக்னலில் நின்றால் குளிர்காற்று.

"ஃபேன் மோட்டாரை மாத்துடா" என்றான் மச்சான். காற்று பலமாக வரும்போது மோட்டார் மேல் ஏன் பழி? இன்ஜின் ஆறியபின், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டைப் பார்த்தேன், குறையவில்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவில்தான் நின்றது. அது ஏறவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வைச் சந்தேகிக்கலாம்.

அப்புறம், இன்ஜின் பக்கமிருந்து கேபினுக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களைத் தொட்டேன். ஒன்று கைவைக்க முடியாத சூடு, மற்றது வெதுவெதுப்பு. சரி, ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடி கேபின் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர், அடைத்திருக்கிறது! இரண்டையும் கழற்றி, தோட்டத்துக் குழாயால் எதிர்ப்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டதும் கடுங்காப்பி நிறத்தில் துரு கொட்டியது. வேகமாக விட்டால் பழைய கோர் ஓட்டையாகலாம். அதை மாற்றுவதென்றால் பல கார்களில் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டும், கூலிதான் கொள்ளை.

முடித்ததும் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றையும் வெளியேற்றுங்கள். வெறும் தண்ணீர் நின்றால் ஜனவரியில் உறைந்துவிடும். பழைய கூலன்டை வாளியில் பிடியுங்கள். இனிக்கும் என்பதால் நாய்கள் நக்கும், அது கொடிய விஷம்.