ஷெட் இப்போது பட்டறை

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் முடிந்தால் எங்கள் கார் ஷெட்டில் கிரேட்டுகள்தான் குடியிருக்கும். கூடவே பெயின்ட் டப்பா, ஓடாத மிக்ஸி, பம்ப்செட் சாமான். ஒருவழியாக எல்லாவற்றையும் வாசலில் இழுத்துப் போட்டு, பாதியைக் காயலான் கடைக்கு அனுப்பியாயிற்று. "உதவும்டா" என்று அப்பா திரும்ப உள்ளே கொண்டுபோனது தனிக் கணக்கு.

பழைய கதவுப் பலகைதான் மேசை. உயரம் 36 அங்குலம், நின்று அறுக்கும்போது முதுகு வளையாது. சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸை நடுவில் மாட்டாமல், மேசைக் காலுக்கு நேர் மேலே மூலையில் போல்ட் போட்டேன். இறுக்கி ராவினாலும் மேசை ஆடுவதில்லை. சுவரில் 12 மி.மீ. பிளைவுட் அடித்து, தொங்கும் ஒவ்வொரு ஸ்பேனரைச் சுற்றியும் மார்க்கரில் கோடு. எது காணோம் என்று தூரத்திலேயே தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன் இனி கட்டிங் பிளையரை அமுக்க முடியாது :)

கிரைண்டருக்குத் தனி 16 ஆம்பியர் பிளக், கூடவே மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கிரேட்டுகளைப் படுக்க வைத்து அடுக்கினால் அதுவே ரேக். ஸ்க்ரூ மட்டும் சந்தில் விழுந்துவிடும், அதற்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

மேசைக்கு மேலே லைட் பாக்கி. யாரிடமாவது டியூப்லைட் பட்டி சும்மா கிடந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.