போல்ஸ் தெருவிலிருந்து ஹோகன்ஆஸ்பெர்க் கோட்டை வரை

தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், மைய ரயில் நிலையத்திலிருந்து கோனிக் தெருவில் நேராக நடந்தால், ஷ்லாஸ்பிளாட்ஸ் சதுக்கத்தை நெருங்கும்போது போல்ஸ் தெரு குறுக்கிடும். வலப்பக்கம் தூண் வரிசையோடு நிற்கும் கோனிக்ஸ்பாவ் கட்டடத்தை ஒட்டி ஹிட்லரை எதிர்த்து உயிரிழந்த அரசியல்வாதி ஓய்கன் போல்ஸின் நினைவுச்சின்னம் உண்டு. சிற்பி ஆல்ஃபிரட் ஹிர்ட்லிச்கா. கடைவீதிக் கூட்டத்தில் கண்ணில் படாமல் போகலாம். தேடி நின்று பார்க்க வேண்டியது.

1881இல் ரோட்டன்பர்க்கில் பிறந்த போல்ஸ், சென்ட்ரும் என்ற கத்தோலிக்கக் கட்சியைச் சேர்ந்தவர். 1912இல் ரைக்ஸ்டாக் எனும் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் உறுப்பினர், 1919இல் ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்ட வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் நீதி அமைச்சர், 1923இல் உள்துறை அமைச்சர், 1928இல் மாநில அரசின் தலைவர்.

அவருடைய ஆட்சியின் சரிவு 1932 ஏப்ரல் 24 மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தொடங்கியது. 80 இடங்களில் நாஜிகள் 23 பிடித்துத் தனிப்பெரும் கட்சியானார்கள். யாருக்கும் பெரும்பான்மை அமையாததால் போல்ஸ் காபந்து அரசை நடத்தினார். சட்டமன்றத்தின் பலம் பின்னால் இல்லாத அரசைத் தள்ளிவிடுவது எளிது. 1933 ஜனவரியில் ஹிட்லர் நாட்டின் ஆட்சிக்கு வந்தபின், மார்ச் 8இல் மாநிலப் போலீஸுக்கு பெர்லினின் மத்திய அரசு தன் ஆளை நியமித்தது. போலீஸ் கைவிட்டுப் போனதும் ஆட்சியும் போயிற்று. மார்ச் 15இல் நாஜித் தலைவர் வில்ஹெல்ம் முர் பதவிக்கு வந்தார். அடுத்த எட்டாம் நாள், நாடாளுமன்றம் இல்லாமலே ஹிட்லர் அரசு சட்டம் இயற்றலாம் என்ற மசோதாவுக்கு ரைக்ஸ்டாக்கில் கட்சியோடு சேர்ந்து போல்ஸும் ஆதரவு வாக்களித்தார். அவரை மதிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. அவருடைய பிந்தைய துணிச்சலின் எடை இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

நினைவுச்சின்னத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் டொரோதேயன் தெரு 10, ஓட்டல் சில்பர். பெயர்தான் ஓட்டல்; அப்போது அது போலீஸ் தலைமையகம், பிறகு நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகம். 1933 ஜூன் 19இல் போல்ஸை இங்கே விசாரணைக்கு அழைத்து, திரட்டி வைத்திருந்த கும்பலை அவர்மேல் ஏவிவிட்டு, ஹோகன்ஆஸ்பெர்க் கோட்டையில் அடைத்தார்கள். பின்னாளில் இடிக்கப்படவிருந்த ஓட்டல் சில்பர் கட்டடத்தை ஊர்மக்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 2018இல் அருங்காட்சியகமாயிற்று. நிரந்தரக் கண்காட்சிக்குக் கட்டணமில்லை; திங்கள் விடுமுறை. அவசரப்படாமல் பாருங்கள்.

விடுதலையான போல்ஸ் பின்னாளில் ஹிட்லர் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்ட கார்ல் கோர்டலர் என்ற அரசியல்வாதியின் குழுவில் சேர்ந்தார். ஆட்சி கவிழ்ந்தால் கல்வி, பண்பாட்டு அமைச்சர் பொறுப்பு அவருக்கு என்று முடிவாகியிருந்தது. 1944 ஆகஸ்டில் கைதாகி, 1945 ஜனவரி 23இல் பெர்லினின் புளோட்சென்சே சிறையில் தலை வெட்டப்பட்டார்.

ஹோகன்ஆஸ்பெர்க்குக்கு எஸ்5 ரயிலில் ஆஸ்பெர்க் நிலையம். பிறகு மேட்டில் நடக்க வேண்டும். கவிஞர் ஷுபார்ட் 1777 முதல் 10 ஆண்டுகள் அடைபட்டிருந்ததும் இதே கோட்டைதான். கைதிகளுக்கான மருத்துவமனை இன்றும் உள்ளே இயங்குவதால் எல்லா இடங்களையும் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அருங்காட்சியகமும் மதிலோர நடைபாதையும் மட்டுமே. குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதால் கோடையில் போவதே நல்லது.