ஜலகண்டேஸ்வரர் சன்னிதியில் ஒரு கச்சத்தீவு மெழுகுவத்தி

அக்காவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. அதற்காக ராமேஸ்வரத்திலிருந்து அக்காவும் மாமாவும் வேலூர் வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அறுவைக்கு முதல் நாள் பிரதோஷம். "கோட்டைக்கோயில் சாமியைப் பார்த்துட்டே போகலாம், கண்ணு நல்லபடியா ஆகும்" என்று அம்மா சொன்னதும் நான்கு பேரும் ஆட்டோவில் கிளம்பினோம்.

அகழிப் பாலத்தைத் தாண்டும்போதே மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கடலோரத்தில் பிறந்தவர், ராமேஸ்வரத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். "நாலு பக்கமும் தண்ணிக்குள்ள ஒரு கோயில். எங்க அந்தோணியாரும் இப்படித்தான் மாப்ள" என்றார். கச்சத்தீவில் இருக்கும் அந்தோணியார் கோயிலைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே சற்று நேரமானது. கச்சத்தீவு என்ற பெயரைத் தேர்தல் மேடைகளில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

கோயிலுக்குள் கூட்டம் இருந்தது. நந்திக்குப் பால், இளநீர், சந்தனம் என்று அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. விபூதி அபிஷேகத்தின்போது கல் நந்தியின் முகம் வெள்ளையாகி, கண்கள் மட்டும் கருப்பாகத் தெரிந்தன. கடைசியில் அருகம்புல் மாலை சாத்தினார்கள். அக்காவுக்குத் தூரத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது, அதனால் அம்மா அவள் காதருகே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தச் சாமிக்கு ஒரு கதை உண்டு, வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விஜயநகர ஆட்சிக் காலத்தில் பொம்மி நாயக்கர் கனவில் கண்டு, நீர் சூழ்ந்திருந்த லிங்கத்துக்கு எழுப்பிய கோயில். பிறகு படையெடுப்பு, பீரங்கி, வெள்ளைக்காரர் கிடங்கு என்று காலம் மாறியது. கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரர்களும் அப்படியே நிற்க, கருவறையில் சாமி இல்லாமல் நூற்றாண்டுகள் போயின. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16 அன்றுதான் திரும்பி வந்து சேர்ந்தது. அன்று கோட்டைக்குள் ஓடி வந்த கூட்டத்தில் அம்மாவும் ஒருத்தி. "வெறுங்கோயிலைப் பார்த்தே வளர்ந்தவ நான். உள்ளே விளக்கு தெரிஞ்சதும் அழுகையை அடக்க முடியல" என்று இப்போதும் சொல்வார். சாமி இருந்தும் பக்தன் போக முடியாத இடம், கோயில் இருந்தும் சாமி இல்லாத இடம், இரண்டின் வலியும் ஒன்றுதான் என்று பிறகு மாமா கச்சத்தீவைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது.

தரிசனம் முடிந்து, தீர்த்தம் வாங்கிக்கொண்டு, கல்யாண மண்டபத்துத் தூண் ஓரமாக உட்கார்ந்தோம். மாமா சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பாதி எரிந்த மெழுகுவத்தி. அடியில் மணல் ஒட்டியிருந்தது. தீவிலிருந்து கொண்டுவந்தது, அக்காவுக்காக நேர்ந்துகொண்டது.

கச்சத்தீவு மொத்தமே 285 ஏக்கர். யாரும் குடியிருப்பதில்லை, குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. ஒரு காலத்தில் ராமநாதபுரம் சமஸ்தானத்துச் சொத்தாகக் கணக்கில் இருந்த தீவு. அங்கே அந்தோணியாருக்கு முதலில் கோயில் கட்டியவர் சீனிவாச படையாச்சி என்ற நம்மூர்த் தமிழர். பிப்ரவரி, மார்ச் வாக்கில் திருவிழா. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப் பாதை, இரவில் தேர் பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. இங்கிருந்து ராமேஸ்வரம் படகுகள், அங்கிருந்து யாழ்ப்பாணம், நெடுந்தீவுப் பக்கத்துச் சனங்கள். போர்க்காலத்தில் நின்றுபோயிருந்த திருவிழா பிறகு மீண்டும் தொடங்கியது. 2016-ல் புதுக் கோயிலும் எழுந்தது.

"இந்து, கிறிஸ்தவன் எல்லாம் அங்க பார்க்கிறதில்ல" என்றார் மாமா. "கடலுக்குப் போறவன் வீட்டுல அந்தோணியாருக்கு நேர்ந்துக்காதவன் யாரு? பேரு குடுத்து, ஆதார் காட்டி, சோதனை முடிச்சு படகேறுவோம். தண்ணி கேன், சோத்துப் பொட்டலம் எல்லாம் கையோட. ராத்திரி மணல்லயே படுக்கை. பக்கத்துல படுத்திருக்கிறவன் யாழ்ப்பாணத்துக்காரன். அவன் பேசுறதும் தமிழ், பாடுறதும் தமிழ். விடியறப்ப ரெண்டு பேரும் ஒரே கோயில் வாசல்ல நிப்போம்."

இந்தத் தீவு இலங்கைப் பக்கம் போனது 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தில். இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். அதன் ஐந்தாவது பிரிவை நான் பிறகு எடுத்துப் படித்தேன். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்கு விசாவோ பயண ஆவணமோ இலங்கை கேட்காது என்று தெளிவாக இருக்கிறது. 1976-ல் வந்த அடுத்த ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டுப் படகு மறுநாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றன. மீனவர் கைது, படகு பறிமுதல் என்று இன்றுவரை தொடரும் துயரம் அந்தக் கடல் எல்லைக் கோட்டைச் சுற்றித்தான். தமிழக சட்டமன்றம் 1974-லேயே எதிர்த்தது, 1991-லும் 2025 ஏப்ரலிலும் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. தீவு யாருடையது என்ற வாதத்தை அவர்கள் நடத்தட்டும். எனக்கு அந்த ஐந்தாவது பிரிவுதான் பெரிது. கும்பிடப் போகிறவனுக்கு எழுதிக் கொடுத்த வாக்கு அது. அரசுகளுக்குள் என்ன கசப்பு இருந்தாலும் ஒரு வருசம்கூட அது குறையக் கூடாது.

2024-ல் படகோட்டிகளை இலங்கை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பியதால் ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். "எங்க ஆளு உள்ள கிடக்கிறப்ப எப்படிப் படகேறுறது? ஆனா அந்தோணியார் என்ன பண்ணினார்? அன்னிக்கு ராத்திரி கரையில நின்னு கும்பிட்டேன், மாப்ள. ஒண்ணும் தெரியல, இருட்டுதான்" என்றார். சொல்லும்போது மெழுகுவத்தியின் அடியில் ஒட்டியிருந்த மணலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். உதிர விடவில்லை.

திரும்பும் வழியில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குப் போனோம். அது என் ஆசை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனின் சமாதி அங்கேதான் இருக்கிறது. 1815-ல் பிடிபட்டு, மறு வருடம் கடல் கடந்து இங்கே கொண்டுவரப்பட்டு, கோட்டையில் சிறையிருந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தவர். கோட்டைக்குள் இன்றும் கண்டி மகால் இருக்கிறது. அவர் திரும்பிப் போகவே இல்லை. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல்.

இரவு சாமி அறையில் ஜலகண்டேஸ்வரர் விபூதியை அக்கா நெற்றியில் அம்மா பூசினார். அப்புறம் மாமா அந்த மெழுகுவத்தியை ஏற்றினார். இரண்டு நிமிடம்தான். அக்கா அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஊதாமல் விரலால் அணைத்து, ஆறும்வரை காத்திருந்து, அதே செய்தித்தாளில் சுற்றினார்.

"மிச்சத்தை அடுத்த திருவிழாவுல அங்கேயே ஏத்திடணும்" என்று பையில் வைத்துக்கொண்டு, காலையில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்.