தம்பி பேர்ல இருந்த ரௌடி ஷீட்ட க்ளோஸ் பண்ண வச்ச கதை

எங்க ஏரியா ஸ்டேஷன்ல என் தம்பி பேர்ல ஹிஸ்டரி ஷீட் இருந்துச்சு, நம்ம வாய்ல சொல்றதுன்னா ரௌடி லிஸ்ட். அத எடுக்க என்ன செய்யணும்னு கேட்டப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாய்ங்க, பாதிப்பேரு காசு குடுத்தா எடுத்துருவாய்ங்கன்னாய்ங்க. அப்படி இல்ல, அதனாலதான் எழுதுறேன்.

தம்பி மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்ல லோடுமேன். லாரி வர்றதே நடுராத்திரிலதான், அப்ப ரோட்டுல நின்னுதான ஆகணும், ரோந்து வர்றவங்க கண்ணுக்கு அவன்தான் மொதல்ல படுவான். பேரென்ன, ஊரென்ன, சொந்த ஊரு எதுன்னு கேக்குறது. உசிலம்பட்டிப் பக்கம்னு சொன்னாலே ஒரு பார்வை. அப்பறம் 75 கேஸ், அதாவது சிட்டி போலீஸ் ஆக்ட்ல பொது இடத்துல குடிச்சுட்டு கலாட்டா பண்ணுனதா போடுறது. கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம், இல்லேன்னு வாதாடுனா வாய்தாவுக்கு நடக்கணும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும். லோடுமேன் எதச் செய்வான்? எல்லாரும் கட்டிட்டு வர்றதுதான். அந்த ஃபைன் ரசீது தண்டனைக் கணக்குல ஏறுதுன்னு யாரும் சொல்ல மாட்டாய்ங்க. போலீஸுக்குன்னு இருக்குற நடைமுறை விதி, போலீஸ் ஸ்டேண்டிங் ஆர்டர் 747-ல, அடுத்தடுத்த ரெண்டு வருசத்துக்குள்ள 75-ல ஒண்ணுக்கு மேல தண்டனை ஆயிருந்தா ரௌடி ஷீட் தொறக்கலாம்னு இருக்கு. வெட்டு குத்து எதுவும் வேணாம், ரெண்டு ஃபைன் போதும்!

தொறந்துட்டா அப்பறம் சித்திரைத் திருவிழா, தேவர் ஜெயந்தி, எலெக்ஷன், எது வந்தாலும் மொதல்ல எங்க வீட்டுக் கதவுதான். சிஆர்பிசி 110-வது பிரிவுல பாண்டு வேற, அதாவது ஒழுங்கா இருப்பேன்னு எழுதிக் குடுக்குற நன்னடத்தைப் பத்திரம். அப்பல்லாம் டெபுடி கமிஷனர்தான் மாஜிஸ்ட்ரேட் இடத்துல உக்காந்து எழுதி வாங்குனது, போலீஸே புடிச்சு போலீஸே விசாரிக்கும். அந்த அதிகாரத்தக் குடுத்து 2013, 2014-ல போட்ட அரசாணைகள 2023 மார்ச்ல ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சு, ஆனா தம்பி பாண்டு அதுக்கு முந்தியே முடிஞ்சது. வீட்டுக்காரம்மா ராத்திரி போலீஸ் வர்றதப் பாத்துட்டு காலி பண்ணச் சொல்லிருச்சு. பொண்ணு பாத்த எடம் நின்னுபோச்சு, அதப்பத்தி இங்க வேணாம்.

எங்க அப்பத்தா இருந்தா சிரிச்சிருக்கும். அதோட அப்பாரு காலத்துல ரேகைச் சட்டம், எங்க சாதியையே குற்றவாளின்னு வெள்ளக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், ராத்திரி ஆனா ஆம்பளைக ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும், வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டுன்னு அனுமதிச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மாட்டோம்னு நின்னதுக்குத்தான் 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூர்ல எங்க ஆளுகளச் சுட்டாங்க, மாயக்காள்ங்கற பொம்பளையும் அதுல செத்தவுகதான். 1947-ல மதராஸ்ல அந்தச் சட்டம் போச்சு, மறு வருசமே வழக்கமான குற்றவாளிகள கட்டுப்படுத்துற சட்டம்னு வேற ஒண்ணு வந்துருச்சு. இதுல எங்க ஆளுக யோக்கியமும் தெரியும். பெருங்காமநல்லூருக்கு வருசாவருசம் மாலை போடுவாய்ங்க, தெருவுல ஒரு சைக்கிள் காணாப்போனா "அந்தக் குறவங்களப் போய்ப் பாருங்க சார்"னு போலீஸுக்கு மொதல்ல கை காட்டுறதும் இவய்ங்கதான்.

சரி, விசயத்துக்கு வர்றேன். மொதல்ல கேஸு எல்லாத்தோட பேப்பரும் வேணும். 75 கேஸ் எஸ்டிசி நம்பர்ல, அதாவது சுருக்க விசாரணைக் கேஸ் நம்பர்ல இருக்கும். ஈகோர்ட்ஸ் ஆப்ல பேரப் போட்டுத் தேடுனா புதுசெல்லாம் வருது, பழசு வரல, அதுக்கு கோர்ட்ல நகல் மனு போடணும். ஒரு அடிதடி கேஸ்ல விடுதலை ஆயிருந்தான், அந்தத் தீர்ப்போட சர்டிஃபைடு காப்பிதான் பின்னாடி பெருசா உதவுச்சு. அப்பறம் இன்ஸ்பெக்டருக்கும் ஏசிக்கும் (அசிஸ்டென்ட் கமிஷனர்) ஷீட்ட க்ளோஸ் பண்ணச் சொல்லி மனு, நாங்க ரிஜிஸ்டர் தபால்ல, அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டோட அனுப்புனோம், 2025-ல அத ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க. நேர்ல குடுக்காதீங்க, வாங்கி ட்ராயருக்குள்ள போட்டுருவாய்ங்க, குடுத்ததுக்கு அத்தாட்சி இருக்காது. பதில் வராது. வராததுதான் நமக்கு வேணும், அத வச்சுத்தான் ஹைகோர்ட்ல ரிட் மனு போட முடியும்.

ஒத்தக்கடைப் பக்கம் இருக்குற நம்ம ஹைகோர்ட் மதுரை பெஞ்சுலதான் போட்டோம். வக்கீல் ஃபீஸ் முடியாதவுக அங்கயே இருக்குற சட்ட உதவிக் குழுவுல கேக்கலாம், பொம்பளைகளுக்கும் எஸ்சி எஸ்டிக்கும் இன்னும் சில பேருக்கும் வருமான வரம்பு கிடையாது, மத்தவுகளுக்கு உண்டு. எங்க வக்கீலம்மா ரெண்டத்தான் புடிச்சுக்கிட்டாங்க. ஒண்ணு ஸ்டேண்டிங் ஆர்டர் 748, ஷீட்டு டிசம்பர் கடைசி வரைக்கும்தான் உயிரோட இருக்கும், மேல நீட்டிக்கணும்னா கெஜட்டட் ஆபீசர் உத்தரவு வேணும். போலீஸ் தாக்கல் பண்ணுன பேப்பர்ல வருசாவருசம் ஒரே வரி, "இவரது நடவடிக்கைகள் கண்காணிக்கப்பட வேண்டியுள்ளது", தேதி மட்டும் மாறியிருக்கு. இன்னொண்ணு 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொன்னது, டெல்லி எம்எல்ஏ அமானத்துல்லா கான் கேஸ்ல. பின்தங்குன சமூகத்துல, எஸ்சி எஸ்டில பொறந்தாங்கங்கறதுக்காக அப்பாவிக பேர்ல எந்திரத்தனமா ஹிஸ்டரி ஷீட் எழுதுறத நிறுத்த எல்லா மாநிலமும் பாக்கணும்னு. அந்தத் தீர்ப்புல சீர்மரபினரப் பத்தி, அதாவது அந்த ரேகைச் சட்டத்துல இருந்து விடுபட்ட எங்கள மாதிரி சாதிகளப் பத்தி எழுதியிருக்கறத அவங்க வாசிச்சுக் காட்டுனப்ப தம்பி ஒண்ணும் சொல்லல, அப்பத்தா போட்டோ எங்க இருக்குன்னு மட்டும் கேட்டான்.

கோர்ட்டு நேரா அடிச்சுத் தூக்கல. மனுவ சட்டப்படி பரிசீலிச்சு, இவன் பக்கத்தையும் கேட்டு, காரணத்தோட உத்தரவு போடணும்னு ஏசிக்கு கெடு குடுத்துச்சு. கெடு தாண்டுனதும் கண்டெம்ப்ட் நோட்டீஸ், அதாவது கோர்ட் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்புனோம், அப்பறந்தான் கூப்புட்டாய்ங்க. புது ஏசி நல்லாவே பேசுனாரு, க்ளோஸ் ஆர்டர் கைக்கு வந்துச்சு.

ஆனா ஒண்ணு. ஆர்டர் வந்தப்பறம் ஒருநாள் மார்க்கெட் வாசல்ல ஒரு போலீஸ்காரர் தம்பி மூஞ்சிய செல்போன்ல படம் புடிச்சாரு, அந்த எஃப்ஆர்எஸ் ஆப்பு, மூஞ்சிய வச்சு ஆளக் கண்டுபுடிக்கிறது. பழைய போட்டோவோட பேரு, கேஸு எல்லாம் வந்து நிக்குது. ஆர்டர் ஜெராக்ஸக் காமிச்சா, இது ஸ்டேஷன் ஷீட்டுக்குத்தான, ஆப்புல எடுக்கச் சொல்லலயேங்கறாரு. வக்கீலம்மாகிட்ட கேட்டதுக்கு அதுக்குத் தனியா மனுப் போடணும்னாங்க. எழுதிக்கிட்டிருக்கோம்.