எச்டிஆரில் நிழலைத் தொலைக்காமல் இருக்க: காசிமேடு முதல் எண்ணூர் வரை

வடசென்னையில் சூரியன் கடலிலிருந்து எழும். காலையில் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலைப் பார்த்து டிரைபாட் போட்டால் முழுக்க எதிரொளிதான், அதாவது சூரியன் கேமராவுக்கு நேர் எதிரே. வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் தூண்டில் வளைவுக் (அலைத்தடுப்புக்குக் கொட்டிய) கருங்கற்கள் கரிக்கட்டை. கல்லுக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள். வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த ஃபிரேம்களை ஒரே படமாக இணைக்கும் எச்டிஆருக்கென்றே அமைந்த இடம். ஆனால் பலரும் கல்லிடுக்கில்கூட டியூப்லைட் மாட்டிய மாதிரி வெளுக்க வைத்துவிடுகிறார்கள். விடியற்காலை போய் மத்தியானம் ஆகிவிடுகிறது.

எடுக்கும் வேலை சுலபம். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) மூன்று ஃபிரேம்: 1/500, 1/125, 1/30 என்பதுபோல. ஷட்டர் மட்டும்தான் மாற வேண்டும், ஆட்டோ ஐஎஸ்ஓவை அணையுங்கள். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா நிழலின் நீலத்தைக் குறைத்துக் காட்டும், ராவில் பிறகு திருத்த வேண்டியிருக்கும். இருண்ட ஃபிரேமில் சூரிய வட்டத்தைத் தவிர வேறெதுவும் ஹிஸ்டோகிராமின் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டக் கூடாது. வெளிச்சமான ஃபிரேமில் கல்லிடுக்கு இடது சுவரைவிட்டு விலகியிருக்க வேண்டும். இரண்டும் அமையாவிட்டால் ஐந்து ஃபிரேம்.

நேரம் குறைவு. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். உதயத்திலிருந்து நாற்பது நிமிடத்தில் 10 டிகிரி. அப்போது நிழல் பொருளின் உயரத்தைப்போல ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். இன்னொரு நாற்பது நிமிடத்தில் அது மூன்று மடங்குக்கும் கீழே. அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போகலாம்.

ஃபிரேம்களை லைட்ரூம் மென்பொருளில் மெர்ஜ் செய்ததும் (இணைத்ததும்) படம் சப்பென்று இருக்கும். கவலை வேண்டாம், அது வெறும் மூலப்பொருள். வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று ஒரே ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள்: ஈரக் கல்லின் மேல்விளிம்போ, படகின் அணியமோ (முன்முனை). லைட்ரூமில் ஷேடோஸ் +30 போதும், +100 வரை இழுக்காதீர்கள். பிளாக்ஸ் −20. டோன் கர்வின் (இருள்-வெளிச்ச வளைகோடு) கீழ்க் கால்பகுதியைச் சற்று அமுக்குங்கள். பிரஷ்ஷில் அந்த விளிம்பை மட்டும் அரை ஸ்டாப் ஏற்றுங்கள். எதிரொளியில் கல்லின் முகம் நம் பக்கம், வெளிச்சமோ அதன் முதுகில். முகமும் முதுகும் ஒரே அளவில் ஒளிர்ந்தால் காரணம் சொல்லத் தெரியாதவர்கூட “ஏதோ பொய்யா இருக்கே” என்பார். முகம் விளிம்பைவிட இரண்டு ஸ்டாப்பாவது இருண்டிருக்கட்டும். அந்த இருட்டுக்குள் கொஞ்சம் பாசியும் சிப்பியும் தெரிந்தால், எச்டிஆர் தன் வேலையைச் செய்துவிட்டது.

காசிமேட்டு விசைப்படகுகள் கட்டியிருந்தாலும் ஆடும். மூன்று ஃபிரேமிலும் படகுக் கம்பங்கள் மூன்று இடத்தில் நிற்கும், மெர்ஜில் பேய் பிடித்த மாதிரி இரட்டிக்கும். இந்த இரட்டிப்பை நீக்கும் டீகோஸ்ட்டை ‘ஹை’யில் வைத்தால் அந்த இடத்தை ஒரே ஃபிரேமிலிருந்து எடுப்பதால் நாய்ஸ் ஏறும். ஆட்டம் அதிகமென்றால் எச்டிஆரையே விட்டுவிடுங்கள். வானத்துக்கு எக்ஸ்போஸ் செய்த ஒரே ராவில் நிழலை இரண்டு ஸ்டாப் ஏற்றுவதை இன்றைய சென்சார்கள் தாங்கும்.

எண்ணூர் முகத்துவாரத்தின் தென்கரையிலிருந்து வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் காலையும் மாலையும் பக்கவொளி: ஒரு பாதி பொன், மறுபாதி நீலம். இங்கே கிளாரிட்டியை ஏற்றினால் புகைபோக்கியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும், ஏனென்றால் அது பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுகிறது. வானத்தை மாஸ்க் செய்து கிளாரிட்டியை அங்கே −20க்கு இறக்குங்கள். பனிமூட்டத்தை நீக்கும் டீஹேஸைத் தொடவே வேண்டாம். அருகில் கருமை, தூரம் போகப்போக வெளிறல் என்று அடுக்குவதே அந்தப் பனிமூட்டம்தான்.

ஒவ்வொரு செட்டுக்கும் நடுவே லென்ஸைப் பாருங்கள். உப்புத்திவலை படிந்திருந்தால் எதிரொளியில் மூன்று ஃபிரேமும் பால் கலந்ததுபோல் ஆகிவிடும். முதலில் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி.